பாம்பன் பாலம்: பழுதுபார்ப்பின் வரலாறும் மூலவடிவம் பற்றிய கேள்வியும்

கோயில் திருப்பணியில் கற்சிற்பத்தை மணல்வீச்சால் சுத்தம் செய்யக் கூடாது என்று சொன்னால் இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். ரயில் ஓடும் பாலத்துக்கு இப்படி ஒரு விதி வகுப்பது எளிதல்ல. சிற்பத்துக்கு வேலை கிடையாது, பாலமோ நாள்தோறும் பாரம் சுமக்க வேண்டும். ராமேசுவரம் தீவை நிலப்பகுதியோடு இணைத்து 1914 முதல் 2022 வரை உழைத்த பாம்பன் பாலத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தால் இந்தச் சிக்கல் புரியும்.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட இப்பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் என்பதே அன்றைய பயண ஏற்பாடு. நடுவே கப்பல் கடப்பதற்கான கண், சிகாகோப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறையில் அமைந்தது. அதன் இரண்டு சிறகுகளும் கீலில் மடிவதில்லை. பின்பகுதி வளைந்திருப்பதால், ஆடும் நாற்காலி பின்னுக்குச் சாய்வதுபோல் உருண்டு எழும். பின்னால் உள்ள எதிர் எடை சமன்செய்வதால், ஊழியர்கள் கையால் நெம்புகோலைச் சுற்றியே அதைத் திறந்துவிட்டார்கள். என் பார்வையில் இப்பாலத்தின் தனித்தன்மை நீளத்தில் இல்லை, இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையும் ஒரு பயணிகள் ரயிலையும் விழுங்கியது. பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஷெர்சர் கண் தப்பி நின்றது. சீரமைப்புப் பொறுப்பு 32 வயது ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. ஆறு மாதம் என்று முதலில் குறித்த கெடுவைப் பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். அவர் 46 நாளில் முடித்தார். வெளியூர்களிலிருந்து கர்டர் வரும்வரை காத்திராமல், கடலடியில் கிடந்தவற்றையே தூக்கிவந்து மறுபடி பொருத்தியதே இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம். மரபைக் காக்க வேண்டுமென்று யாரும் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பழைய இரும்பு பழைய தூண்மேல் திரும்பியது. கைக்கு எட்டியதைக் கொண்டு அவசரத்தில் செய்த வேலையே மூலப்பொருளைக் காப்பாற்றிவிட்டது!

அகலப்பாதை மாற்றம் வேறு வகை. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆகும்போது வண்டியின் எடையும் கூடும். புதுப்பாலம் கட்டாமல் பழைய தூண்களையே நம்பிப் பணி முடித்து, 2007இல் அகலப்பாதை ரயில் ஓடியது. இப்படிப்பட்ட தூக்குக் கண்ணில் கூட்டும் ஒவ்வொரு கிலோ இரும்பும் எதிர் எடையின் கணக்கைக் குலைக்கும் என்பதால், வலுவூட்டுவதற்கும் எல்லை உண்டு. 1988இல் வந்த சாலைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கோ தோற்றத்தில் பெரிய மாற்றம் தெரிந்திராது.

இறுதியில் உப்புக்காற்றுதான் வென்றது. தூக்குக் கண் அரித்துப்போனதால் 2022 டிசம்பர் 23 முதல் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே திறந்த புதுப்பாலத்தின் 72.5 மீட்டர்க் கண், மின்விசையால் செங்குத்தாக எழுகிறது. பயணிகளின் பாதுகாப்பைக் கருதினால் இது சரியான முடிவே. ஆனால் இதைச் சீரமைப்பு என்று சொல்ல முடியாது. பழையதன் இடத்துக்கு வந்த வேறொரு பாலம் இது.

தூண்களையும் கர்டர்களையும் விட்டுக்கொடுத்தாலும், ஷெர்சர் கண்ணின் ஒரு சிறகையாவது எதிர் எடையோடும் கைநெம்புகோலோடும் ராமேசுவரம் தீவில் கரையேற்றி, அசையும் நிலையில் வைக்க ரயில்வே முன்வர வேண்டும்.