வாயில் தேடிய கால் நூற்றாண்டு: ஹெபடைடிஸ் பி வைரஸும் ஆய்வகக் கல்லீரல் செல்லும்

வைரஸ் ஒன்றை முழுமையாக ஆராய வேண்டுமானால் முதலில் அதை ஆய்வகத்தில் வளர்த்தாக வேண்டும். போலியோ வைரஸை 1949இல் ஜான் எண்டர்ஸ் குழுவினர் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டினார்கள்; 1955இல் தடுப்பூசி வந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு இந்த வழி அடைபட்டே இருந்தது. பரூக் பிளம்பர்க் 1960களில் கண்டறிந்த ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ இந்த வைரஸின் மேலுறைப் புரதம் எனத் தெரியவந்தது. 1970இல் லண்டனில் டேவிட் டேன் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே முழு வைரஸ் துகளையே கண்டார். இருந்தும் அதை எந்தச் செல்லிலும் வளர்க்க முடியவில்லை. அதனால்தான் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசியை, தொற்றுடையவர்களின் இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து மேலுறைப் புரதத்தைப் பிரித்தெடுத்துத் தயாரிக்க வேண்டியிருந்தது. ஈஸ்ட்டில் அப்புரதத்தை உற்பத்தி செய்த தடுப்பூசி 1986இல் வந்த பிறகே மனித இரத்தத்தை நம்பியிருக்கும் நிலை மாறியது.

தடுப்பூசி கிடைத்தாலும் ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு அது பயன்படாது. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2022இல் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மருந்து தேட வேண்டுமானால் தொற்று நிகழும் செல் கையில் இருக்க வேண்டும். அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் வைரஸின் இயல்பு என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. வளர்ப்புத் தட்டுக்கு வந்ததும் தன் இயல்பை இழந்துவிடும் கல்லீரல் செல்லே அதைவிடப் பெரிய தடையாக இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் கைகொடுத்தவை புற்றுச் செல்கள். 1976இல் தென்னாப்பிரிக்காவில் அலெக்சாண்டர் குழுவினர் ஒருவரது கல்லீரல் புற்றிலிருந்து பிஎல்சி/பிஆர்எஃப்/5 என்ற செல் வரிசையை உருவாக்கினார்கள். அது மேலுறை ஆன்டிஜெனை ஓயாமல் வெளியிட்டது. ஆனால் முழு வைரஸை வெளியிடவில்லை. அடுத்து வந்தது ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில், 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து உருவான ஹெப்ஜி2. ஆல்புமின் உள்ளிட்ட இரத்தப் புரதங்களைச் சுரக்கும் அளவுக்குக் கல்லீரல் தன்மை அதில் எஞ்சியிருந்தது. ஆனால் வைரஸை அதன்மேல் ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை.

1987இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் மேரி ஆன் செல்ஸ், ஜார்ஜ் ஆக்ஸ் குழுவினர் வேறு வழியில் போனார்கள். வைரஸைக் கொடுப்பதை விட்டுவிட்டு, அதன் டிஎன்ஏவையே ஹெப்ஜி2 செல்லுக்குள் செலுத்தினார்கள். அதில் தேர்ந்த ஹெப்ஜி2.2.15 வரிசை தொற்றும் திறனுள்ள முழு வைரஸ் துகள்களை வெளியிட்டது. மருந்து ஆய்வுக்கு இது உடனே பயன்பட்டது: லாமிவுடின் என்ற மருந்து இந்த வைரஸின் பெருக்கத்தை அடக்கும் என்பதை 1991இல் இச்செல்களே காட்டின.

ஆனால் அந்த வெற்றியின் எல்லையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அச்செல்லின் குரோமோசோமிலேயே வைரஸ் டிஎன்ஏ பதிந்திருந்தது. எந்தத் தொற்றும் இல்லாமலே வைரஸ் வந்துகொண்டிருந்தது. உண்மையான நோயாளியின் கல்லீரலில் வைரஸ், உட்கருவுக்குள் மூடிய வட்ட டிஎன்ஏவாக மாறி, ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவது அதனால்தான். அந்த வட்டம் உருவாகும் விதத்தை, தொற்றின் முதல் படியே இல்லாத செல்லில் எப்படிப் பார்ப்பது? இன்னொன்றும் இதிலிருந்து தெளிவாகியிருந்தது. டிஎன்ஏ உள்ளே போய்விட்டால் மற்ற வேலைகளை ஹெப்ஜி2 செய்துவிடுகிறது. ஆக, குறைபாடு நுழைவாயிலில்தான். 1987இலேயே எட்டக்கூடிய இந்த முடிவிலிருந்து அந்த வாயிலைக் கண்டுபிடிக்க 25 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஓர் ஆய்வும் இதே காலத்தைச் சேர்ந்தது. கீழாநெல்லி இனச் செடியின் சாறு இந்த வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதாக 1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் ஆகியோர் எழுதினார்கள். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்குடன் சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் மேலுறை ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. மூலிகைக்கு ஆதரவாகவும் எதிராகவும் இன்றுவரை வாதிடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1987 ஆய்வின் சான்றுகள் சோதனைக்குழாய் நொதியிலிருந்தும் வுட்சக் என்னும் அமெரிக்கக் கொறிவிலங்கிலிருந்தும் வந்தவை. தொற்றிய மனிதக் கல்லீரல் செல்லில் அந்தச் சாறு எந்தப் படியில் குறுக்கிடுகிறது என்று சோதித்துப் பார்க்க எளிதில் கிடைக்கும் செல் அன்று எவரிடமும் இல்லை.

செல்லைப் பேணுவதையே முதன்மையாக எடுத்துக்கொண்டவர்கள் பிரான்சின் ரென் நகரத்து ஆய்வாளர்கள். அறுவை சிகிச்சையில் கிடைக்கும் மனிதக் கல்லீரல் துண்டைக் கொலாஜனேஸ் நொதியால் பிரித்துத் தட்டில் இட்டால், செல்கள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சில நாட்களிலேயே தட்டையாகி, கல்லீரலுக்கே உரிய புரதங்களை ஒவ்வொன்றாகக் கைவிடும். ஃபிலிப் கிரிபோன், கிறிஸ்தியான் குகன்-கியூசோ குழுவினர் வளர்ப்பு ஊடகத்தில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு சேர்த்தார்கள். செல்கள் உருக்குலையவில்லை; 1988இல் அவற்றில் ஹெபடைடிஸ் பி தொற்றியது. ஆனால் கல்லீரல் துண்டு கிடைப்பது அரிது. ஒருவரின் செல் போல இன்னொருவரின் செல் நடந்துகொள்வதும் இல்லை. 2002இல் அதே குழு ஹெபாஆர்ஜி என்ற வரிசையைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் பொறுமையாக வளர்த்தால் அது தட்டிலேயே இரு வகையாகப் பிரியும்: ஒரு பகுதி பித்தநாளச் செல் போலத் தட்டையாக விரியும், நடுவே தீவுகளாகக் கல்லீரல் செல்கள் திரளும். தொற்று அந்தத் தீவுகளில் நிகழ்ந்தது. வைரஸ் வரலாற்றை எழுதுவோர் ரென் குழுவை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் இந்த வரலாற்றின் திருப்பமே அங்கேதான் இருக்கிறது.

வாயில் தெரியவந்தது 2012இல். பெய்ஜிங்கின் தேசிய உயிரியல் அறிவியல் நிறுவனத்தில் அதைக் கண்டவர் வென்ஹூய் லி. சார்ஸ் வைரஸின் ஏற்பி ஏசிஇ2 என்பதை 2003இல் கண்டறிந்த குழுவிலும் அவர் இருந்தார். மனிதச் செல்லுக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது, இந்த வைரஸ் தொற்றக்கூடிய துபாயா என்னும் சிறு மரவாழ் விலங்கின் கல்லீரல் செல். வைரஸ் மேலுறையின் ப்ரீஎஸ்1 பகுதியைப் போன்ற பெப்டைடைச் செய்து, புற ஊதா ஒளி பட்டதும் அருகிலுள்ள புரதத்தோடு பிணைந்துவிடும்படி அதில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். செல்லோடு கலந்து, ஒளியூட்டி, பிணைந்ததைப் பிரித்தெடுத்து, நிறை அலைமாலைமானியில் பார்த்தபோது கிடைத்தது என்டிசிபி. இரத்தத்திலிருந்து பித்த உப்புகளைக் கல்லீரல் செல்லுக்குள் ஏற்றும் புரதம் அது. ஹெப்ஜி2வில் அதை வைத்ததும் தொற்று நிகழ்ந்தது. ஹெபாஆர்ஜியில் அதை ஒடுக்கியதும் தொற்று நின்றது. மக்காக் குரங்கின் என்டிசிபி வைரஸை ஏற்பதில்லை. அதன் 157 முதல் 165 வரையிலான அமினோ அமிலங்களை மனித வடிவுக்கு மாற்றியதும் ஏற்றது.

பழைய புதிர்கள் பலவற்றுக்கு இதில் விடை இருந்தது. வளர்ப்புத் தட்டில் கல்லீரல் செல் விரைவில் இழக்கும் புரதங்களில் என்டிசிபியும் ஒன்று. ஹெப்ஜி2வில் அது மிகக் குறைவு. ரென் குழு பெயர் தெரியாமலே காத்துவந்தவற்றுள் இதுவும் இருந்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி ஆய்வு இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. அங்கே ஹூ7 என்ற ஜப்பானியப் புற்றுச் செல் வரிசை ஏற்றதாகவே இருந்தது. 1999இல் பார்ட்டன்ஷ்லாகர் குழு வைரஸ் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டியும், 2005இல் வாக்கிட்டா குழு ஜேஎஃப்எச்1 என்ற தனித்த வகையைக் கொண்டும் தடையைக் கடந்தார்கள். அங்கே மாற வேண்டியிருந்தது வைரஸ்.

ப்ரீஎஸ்1 பெப்டைடே மருந்தாகவும் ஆனது. ஹைடல்பெர்க்கில் ஸ்டெஃபான் அர்பன் குழு வளர்த்தெடுத்த புலெவிர்டைடு என்டிசிபியை அடைத்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையையே போர்த்திக்கொண்டு வரும் டெல்டா வைரஸுக்கு எதிராக 2020இல் ஐரோப்பாவில் அதற்கு நிபந்தனையுடன் கூடிய அனுமதி கிடைத்தது.

ஆனால் ஹெப்ஜி2-என்டிசிபி செல்லில் தொற்றை உண்டாக்க இன்றும் வைரஸை மிக அதிக அளவில் கொட்ட வேண்டியிருக்கிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அது சரிவரப் பரவுவதில்லை. மூடிய வட்ட டிஎன்ஏவும் குறைவாகவே சேர்கிறது. 2019இல் பெய்ஜிங்கின் டெங் ஹோங்குய் குழு ஐந்து வேதிப்பொருள்களின் துணையோடு மனிதக் கல்லீரல் செல்களைப் பல வாரங்கள் இயல்பு மாறாமல் வைத்துக் காட்டியது. அவற்றில் தொற்று நீடித்தது. மனித என்டிசிபி பெற்ற எலியின் கல்லீரல் செல்லோ டெல்டா வைரஸை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸை நுழையவிட்ட பிறகும், அதன் வட்ட டிஎன்ஏ உருவாகும் கட்டத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறது. எலிச் செல்லில் இல்லாமல் மனிதச் செல்லில் இருக்கும் அந்த உதவிக் காரணியைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.