அதிகுளிர் அணுக்கள் காக்கும் இந்திய நேரம்: தில்லி ஆய்வகத்தின் நீரூற்றுக் கடிகாரம்

புதுதில்லி: இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் (சிஎஸ்ஐஆர்) கீழ் தில்லியில் இயங்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது. காந்தவியல் ஆய்வுகளால் புகழ்பெற்ற, தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இதன் முதல் இயக்குநர் ஆவார்.

நாட்டின் முதல் சீசியம் நீரூற்றுக் கடிகாரத்தை உருவாக்கியது இந்த ஆய்வகமே. சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என 1967-ல் வரையறுக்கப்பட்டது. அறை வெப்பநிலையில் அணுக்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் விரைவதால் இந்த அதிர்வைத் துல்லியமாக அளப்பது கடினம்.

குளிர்விப்பது எவ்வாறு?

எதிர்த்திசையில் பாயும் லேசர் ஒளித்துகள்களை ஏற்கும் அணு, சிறிது சிறிதாக வேகம் இழக்கிறது. ஆறு லேசர் கற்றைகளும், எதிரெதிர்த் திசைகளில் மின்சாரம் பாயும் இரு கம்பிச்சுருள்களின் காந்தப்புலமும் சேர்ந்து அணுக்களை நடுவில் குவிக்கின்றன. இதுவே காந்த ஒளியியல் பொறி. பின்னர் காந்தப்புலம் நிறுத்தப்பட்டு, கெல்வினின் சில மில்லியனில் ஒரு பங்கு வரை குளிர்ந்த அணுத்திரள் நீரூற்றுபோல் மேலே எறியப்படுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அது நுண்ணலைக் குழியைக் கடக்கையில் அளவீடு நிகழ்கிறது.

மூலக்கூறுகளின் சவால்

அணுக்களைவிட மூலக்கூறுகளைக் குளிர்விப்பது அரிது. அவை சுழல்வதுடன் அதிரவும் செய்வதால், ஒளியை உமிழ்ந்தபின் வேறு ஆற்றல் நிலைகளுக்குச் சென்றுவிடுகின்றன. அவற்றை மீட்கக் கூடுதல் லேசர்கள் தேவை. 1998-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குளிர்ந்த ஹீலியம் வாயுவால் கால்சியம் ஹைட்ரைடு மூலக்கூறுகளைக் குளிர்வித்துக் காந்தப் பொறியில் சிறைப்பிடித்தனர். 2010-ல் யேல் பல்கலைக்கழகத்தினர் ஸ்ட்ரான்சியம் ஃபுளோரைடு மூலக்கூறை லேசரால் குளிர்வித்தனர். காந்தப் பொறியின் பிடி வலுவற்றது என்பதால், முதலில் குளிர்விப்பது இன்றியமையாதது.

நாட்டுக்கு என்ன பயன்?

செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஒரு மைக்ரோ விநாடி பிழை, தொலைவில் ஏறத்தாழ 300 மீட்டர் பிழையாகும். மின்தொகுப்பு, தொலைத்தொடர்பு, பங்குச்சந்தை ஆகியவையும் துல்லிய நேரத்தையே நம்பியுள்ளன. அதை அயல்நாட்டு செயற்கைக்கோள்களிடமிருந்து பெறும்வரை, கட்டுப்பாடும் பிறர் கையிலேயே இருக்கும்.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.6,003.65 கோடி மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்தின் நோக்கங்களில் அணுக் கடிகார மேம்பாடும் ஒன்றாகும்.