கழுத்துப் பட்டையும் மார்புப் பட்டையும்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டு நாய் பஞ்சுவுக்கு இருமல் கண்டது. பஞ்சு ஐந்தரைக் கிலோ எடையுள்ள வெள்ளை நாய். பொமரேனியன் என்று நம் தெருக்களில் தவறாக அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ். மும்பை மாதுங்காவின் நடைபாதையில் பூனையைக் கண்டு அது பாயும்போதெல்லாம் கழுத்துப் பட்டை இறுகும். உடனே வறண்ட, கரகரத்த இருமல் தொடங்கும். கால்நடை மருத்துவர் அதன் தொண்டையை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமேல் கழுத்தில் கயிறு வேண்டாம், பாடி பெல்ட் வாங்குங்கள்" என்றார்.

கடைக்குப் போனேன். சுவர் முழுவதும் வார்களும் கொக்கிகளும் தொங்கின. கடைக்காரர் கேட்ட முதற்கேள்வி, "என்ன நிறம் வேண்டும்?" என்பது. எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இழுத்தால் மூச்சு முட்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, மனிதன் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக நாயை ஏன் கழுத்திலேயே கட்டி வந்தான்? தொழிலால் வரலாற்று மாணவியாகிய எனக்கு, ஒரு பட்டை வாங்குவதற்கு முன் இக்கேள்விக்கு விடை தேட வேண்டியதாயிற்று. தேடியதன் சுருக்கமே இப்பதிவு.

நாயின் கழுத்தில் கயிறு ஏறியது வரலாற்றுக்கும் முந்திய நிகழ்ச்சி. சவூதி அரேபியாவின் ஷுவைமிஸ் பகுதிப் பாறைச் செதுக்கல்களில் வேட்டைக்காரனின் இடுப்பிலிருந்து நாயின் கழுத்துக்குக் கோடுகள் செல்கின்றன. அவை எண்ணாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானவையாக இருக்கலாம் என்பது 2017இல் வெளிவந்த ஆய்வின் கருத்து. நம் நிலத்தில், அரப்பாவில் கிடைத்த சுடுமண் நாய்ப் பொம்மைகள் சிலவற்றின் கழுத்தில் பட்டை தெளிவாக வனையப்பட்டுள்ளது. கைப்பிடி அளவு மண்ணில் ஒரு நாயை உருவாக்கிய குயவர், கண்ணையும் காதையும் போலப் பட்டையையும் விட்டுவிடக் கூடாத உறுப்பாகக் கருதியிருக்கிறார். பட்டை இல்லாவிடில் அது ஏதோ ஒரு நாய். பட்டை இருந்தால் அது ஒருவருடைய நாய்.

எகிப்தில் அரசர்களின் பள்ளத்தாக்கில் மைஹெர்ப்ரி என்பவரின் கல்லறையிலிருந்து 1899இல் இரண்டு தோல் பட்டைகள் எடுக்கப்பட்டன. ஒன்றில் அந்த நாயின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. பெயர் பெற்ற நாய் மனிதச் சமூகத்தின் உறுப்பினராகிவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டு நடுகல், வீரனோடு நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. கர்நாடகத்தின் ஆதக்கூர் நடுகல்லும் அத்தகையது. தக்கோலப் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக மணலேரன் என்னும் வீரன் கங்க மன்னன் பூதுகனிடம் காளி என்னும் நாயைக் கேட்டுப் பெற்றான். காளி ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, அதைக் கொன்று தானும் மடிந்தது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகக் கழுத்துப் பட்டை விடை சொல்லி வந்த கேள்வி ஒன்றுதான்: இது யாருடையது? அக்கேள்விக்கு விடையில்லாத நாய்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, நான் வாழும் இந்நகரத்தின் பழைய பக்கம் ஒன்றைப் புரட்ட வேண்டும்.

பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1813 முதலே வெயில் மாதங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குத் தெருநாய்களைக் கொல்ல அனுமதித்து வந்தது. 1832இல் அந்தக் காலவரம்பு ஜூன் நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. கொல்லப்படும் ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா கூலி. கூலி வந்தால் எண்ணிக்கை கூடும்; எண்ணிக்கை கூடத் தெருநாய் எது, வீட்டுநாய் எது என்ற வேறுபாடு மங்கும். பார்சிகளின் வளர்ப்பு நாய்களும் பிடிபட்டன. அவர்கள் சமயத்தில் நாய் வெறும் காவல் விலங்கன்று. இறந்தவரின் உடலை நாயின் பார்வைக்குக் காட்டும் சக்தீத் என்ற சடங்கு இறுதிக் கடனின் ஒரு பகுதி. 1832 ஜூன் 6 அன்று, அவர்களுடைய புனித நாளொன்றில், கோட்டைப் பகுதியில் நாய் கொல்ல வந்த காவலர்கள் தாக்கப்பட்டனர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. பிற சமூகத்தினரும் சேர்ந்துகொள்ள, படைவீரர்களுக்குச் செல்லும் உணவுப்பொருள்கள் வழியிலேயே தடுக்கப்பட்டன. ஆங்கில அரசு படையை இறக்கியே அமைதியை மீட்டது. பின்னர், நாய்களைக் கொல்வதற்குப் பதிலாக நகருக்கு வெளியே கொண்டுசெல்லலாம் என்ற நிலைக்கு அரசு இறங்கி வந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, நாடு விடுதலை பெற்ற பின்னரும் அதே கேள்வி சட்டத்தின் மொழியில் தொடர்ந்தது. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம், பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு நாயும் கழுத்துப் பட்டை அணிய வேண்டும் என்றும் அதில் உலோக வில்லை இணைக்கப்பட வேண்டும் என்றும் விதிக்க இடமளிக்கிறது. வில்லையில்லாமல் பொது இடத்தில் காணப்படும் நாயைப் பிடித்து வைக்கவும் அதன்படி இயலும். ஒரு விரலளவுத் தகடு, இருப்புக்கும் இல்லாமைக்கும் இடையே நின்றது.

இனி மற்றொரு கேள்விக்கு வருவோம்: இழுக்கும்போது விசை உடலில் எங்கே விழுகிறது? இதனை மனிதன் கேட்காமல் இல்லை. ஆனால் நாயை முன்னிட்டுக் கேட்கவில்லை. உழைக்கும் விலங்கை முன்னிட்டுக் கேட்டான். நம் நாட்டு மாட்டின் திமிலுக்கு முன்னே நுகத்தடி அமர்கிறது. இழுவையின் பெரும்பகுதியைத் திமிலும் தோளுமே தாங்குகின்றன. கழுத்தின் அடியே செல்லும் பூட்டாங்கயிறு நுகம் நழுவாமலிருக்க மட்டுமே. அதுவே இழுவையைத் தாங்குமாறு கட்டினால் மாடு மூச்சுத் திணறும் என்பதை ஏரோட்டும் எவரும் அறிவர். குதிரைக்குத் திமில் இல்லை. ஆகவே சிக்கல் எழுந்தது. பண்டைய குதிரைகளின் கழுத்துவார் அவற்றின் தொண்டையை நெரித்தது என்று பிரெஞ்சுப் படை அதிகாரி லெஃபெவ்ர் தெ நோயெத் 1931இல் எழுதினார். 1970களில் ஸ்ப்ரூயித் என்பவர் பழைய தேர்களையும் வார்களையும் மீண்டும் செய்து குதிரைகளைப் பூட்டிப் பார்த்து, அக்கருத்து பெரிதும் பிழை என்று காட்டினார். இந்த விவாதத்தின் நடுவே ஐயத்துக்கிடமில்லாத செய்தி ஒன்றுண்டு: ஹான் காலத்துச் சீனர்கள் மார்பின் குறுக்கே செல்லும் வாரினால் குதிரையைப் பூட்டினர். தொண்டை விடுபட்டது, மார்பு சுமையை ஏற்றது.

வேட்டைச் சிறுத்தைக்கும் இக்கவனம் கிட்டியது. அக்பர் ஆயிரம் சிறுத்தைகள் வைத்திருந்ததாகச் சொல்வர். சிறுத்தை சிறைப்பட்ட நிலையில் குட்டி ஈனுவது மிக அரிது; அப்படிப்பட்ட ஒரே நிகழ்ச்சியை ஜஹாங்கீர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். எனவே ஒவ்வொன்றையும் காட்டிலிருந்து பிடித்துப் பழக்க வேண்டும். அத்தகைய விலையுயர்ந்த விலங்கைக் கழுத்தை மட்டும் நம்பி யாரும் கட்டவில்லை. பிற்காலப் புகைப்படங்களில் கழுத்துப் பட்டையோடு இடுப்பைச் சுற்றிய வாரையும் காணலாம். நாய்க்கும் எப்போதாவது அத்தகைய யோகம் வாய்த்தது. ஜஹாங்கீருக்குப் பரிசாக வந்த ஆங்கில மாஸ்டிஃப் நாய்கள் பல்லக்கில் சுமக்கப்பட்டன என்றும், ஈ ஓட்ட ஆட்கள் இருந்தனர் என்றும், மன்னர் தம் கையால் ஊட்ட வெள்ளி இடுக்கி செய்வித்தார் என்றும் தாமஸ் ரோவின் சமயகுருவாக இருந்த எட்வர்டு டெர்ரி எழுதுகிறார். விலை உயர்ந்தால் விலங்கின் வலி கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற நாய்களுக்குக் கழுத்தே போதும் என்றிருந்தோம்.

சிறிய நாயின் கழுத்து எதைத் தாங்கும் என்பதை அளந்து பார்த்தது மிக அண்மையில்தான். மூச்சுக்குழாய், பின்புறம் வாய் திறந்த குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்படுவது. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிற்றினங்களில் அவ்வளையங்கள் வலுவிழந்து குழாய் தட்டையாவது அறியப்பட்ட நோய். கழுத்தில் விழும் இழுவை அதன் இருமலைத் தூண்டும். 2006இல் 26 நாய்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், கழுத்துப் பட்டையோடு இழுத்தபோது கண்ணினுள் அழுத்தம் உயர்ந்தது. மார்புப் பட்டையோடு இழுத்தபோது அவ்வாறு உயரவில்லை. பிதுங்கிய கண்களையுடைய பக் நாய்க்கு இது சிறிய செய்தியன்று. 2020இல் செயற்கைக் கழுத்து மாதிரியில் பல வகைப் பட்டைகளைச் சோதித்தவர்கள், இழுக்கும் நாய்க்கு முற்றிலும் தீங்கற்ற கழுத்துப் பட்டை எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தனர்.

இந்தியச் சட்டமும் பாதி வழி வந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தூண்டுதலால் உருவான 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றமாக்கியது. கயிற்றின் நீளத்தையும் எடையையும் சட்டம் பேசியது. கயிறு உடலில் எங்கே அமர வேண்டும் என்பதை உரிமையாளரின் மனச்சான்றுக்கு விட்டுவிட்டது.

இவ்வளவையும் படித்துத் தெளிந்த நான், அன்று செய்த தவறையும் சொல்ல வேண்டும். மார்புப் பட்டையை வாங்கி வந்த மகிழ்ச்சியில் பழைய கழுத்துப் பட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டேன். அடர்ந்த முடிக்கு மேலாக அளவெடுத்ததால் வாங்கிய பட்டையும் சற்றுத் தளர்வு. அடுத்த மாதம் விநாயகர் ஊர்வலத்தின் மேள ஒலியில் மிரண்ட பஞ்சு, பின்னோக்கி நெளிந்து, பட்டையை என் கையிலேயே விட்டுவிட்டு ஓடிற்று. மூன்று மணி நேரம் தேடினேன். கடைசியில் பூச்சந்தையில், தமிழ்ப் பூக்கார அம்மா ஒருவர் அதை வாழைநாரால் கூடையோடு கட்டி வைத்திருந்தார். "கழுத்துல ஒண்ணுமே இல்லியேம்மா. யார் வீட்டு நாய்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டிக்காரன் பிடிச்சிட்டுப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார். 1832ஐ ஆவணங்களில் படித்த எனக்கு, அதன் பொருளை அவரே விளக்கினார்.

இரண்டு கேள்விகளும் வேறு வேறு. ஒன்றுக்குக் கிடைத்த விடையால் மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது. இன்று பஞ்சு இரண்டையும் அணிகிறது. கழுத்தில் மெல்லிய பட்டை. அதில் பெயரும் கைப்பேசி எண்ணும் பொறித்த தகடு. அதில் கயிறு ஒருபோதும் கோக்கப்படுவதில்லை. கயிறு மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில்.

சிறிய நாய்க்கு அதனைத் தேர்வோர்க்கு நான் கற்றதைச் சொல்கிறேன். முன்னங்கால்களுக்குப் பின்னே, மார்பின் மிக அகன்ற சுற்றளவை, முடியை அழுத்தி, நாடாவால் அளந்து செல்லுங்கள். இனத்தின் பெயரையோ வயதையோ சொல்லி வாங்காதீர்கள். முன்வார் தொண்டைக்குக் கீழே, மார்பெலும்பின் மேல் அமர வேண்டும். அணிவித்தபின் எந்த வாரின் அடியிலும் இரு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் கூடாது. அக்குளில் வார் உரசுகிறதா என்று பத்து நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். தோளின் குறுக்கே செல்லும் வாரைப் பலரும் குறை கூறுவர். ஆனால், தோள் அசைவைத் தடுக்காதது எனப்பட்ட வடிவமே முன்னங்கால் நீட்சியை மற்றதைவிடச் சற்று அதிகமாகக் குறைத்தது என்று 2019இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே அட்டையில் அச்சிட்டதை விட உங்கள் நாயின் நடையை நம்புங்கள். கடற்கரை நகரங்களின் புழுக்கத்தில் தடித்த மெத்தைப் பட்டை வேண்டாம்; வலைத்துணி போதும். கடையை விட்டு வெளியேறுமுன், நாயின் எதிரே நின்று கயிற்றை மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். அது பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டால் அளவு தவறு. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எனக்கு அந்த மூன்று மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

தருமனைப் பின்தொடர்ந்து மலையேறிய நாய்க்குக் கயிறு இருந்ததாக மகாபாரதம் சொல்லவில்லை. மேளமும் வாகனமும் நிறைந்த நம் தெருக்களில் அந்தச் சுதந்திரத்தை நம்மால் தர இயலாது. தரக்கூடியவை இரண்டே: தொலைந்தால் திரும்பி வருவதற்கு ஒரு பெயர், நடக்கும்போது தடையின்றி ஒரு மூச்சு. பஞ்சுவின் இருமல் இப்போது பெரும்பாலும் இல்லை. பூச்சந்தையைக் கடக்கும்போது மட்டும் அது நின்று, அந்த அம்மாவின் கூடையை முகர்ந்துவிட்டுத்தான் வருகிறது.