இணையதளத்தில் ஊடாடும் வரைபடம் பதிப்பது எப்படி? வழிகாட்டும் புனே நகர மரங்கள்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனே மாநகராட்சி, தனது எல்லைக்குள் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஜி.பி.எஸ். கருவியின் உதவியுடன் அவற்றின் இடத்தைக் குறித்து, அந்த விவரங்களை இணையத்தில் வெளியிட்டது. சுமார் 40 லட்சம் மரங்கள் அந்தப் பதிவில் இடம்பெற்றன. ஒவ்வொரு மரத்துக்கும் அதன் தாவரவியல் பெயர், உள்ளூர்ப் பெயர், அடிமரச் சுற்றளவு, உயரம், கிளைப்பரப்பு, உடல்நிலை, எந்த வார்டில் உள்ளது என்ற விவரங்கள் தனித்தனியே குறிக்கப்பட்டன.

பட்டியலாக அச்சிட்டால் யாராலும் படித்து முடிக்க முடியாத இந்தத் தகவல், வரைபடத்தில் புள்ளிகளாக மாறும்போது எவருக்கும் எளிதில் புரிகிறது. தன் தெருவை நெருங்கிப் பார்த்து, ஒரு புள்ளியைத் தொட்டு, வீட்டு வாசலில் நிற்பது என்ன மரம் என்று ஒரு குடிமகன் அறிய முடிகிறது. இவ்வாறு பெரிதாக்கவும் நகர்த்தவும் தொட்டு விவரம் பெறவும் இடமளிக்கும் வரைபடமே ஊடாடும் வரைபடம் எனப்படுகிறது. பள்ளி, கடை, கோயில், தன்னார்வ அமைப்பு என எந்த இணையதளத்திலும் இத்தகைய வரைபடத்தைச் சில நிமிடங்களில் பதித்துவிடலாம். ஆனால் பதித்த பின் அது அந்தத் தளத்தின் வெளியீடாகிவிடுகிறது. எனவே பதிக்கும் முறையுடன், அதனால் வரும் பொறுப்பையும் அறிந்திருப்பது அவசியம்.

மரங்களை எண்ணுவது ஏன்?

மகாராஷ்டிராவில் நகர்ப்புற மரங்களைப் பாதுகாக்க 1975-ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பு நடத்த வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை. மரம் வெட்ட அனுமதி கோரப்பட்டால், அது குறித்து நாளிதழில் அறிவிப்பு வெளியிடுவதுடன், அந்த மரத்திலேயே அறிவிப்பை ஒட்டவும் வேண்டும். 2021-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் வயதுடைய மரங்கள் பாரம்பரிய மரங்களாகக் கருதப்படுகின்றன.

சாலை விரிவாக்கம், ஆற்றங்கரை மேம்பாடு போன்ற பணிகளுக்காக மரங்களை அகற்றும் திட்டங்கள் புனேயில் தொடர்ந்து விவாதத்துக்கு உள்ளாகின்றன. அத்தகைய நேரத்தில், வெட்டப்படவுள்ள மரம் புதரா, முதிர்ந்த ஆலமரமா என்பதைச் சரிபார்க்க வரைபடம் பொதுமக்களுக்கு உதவுகிறது. எண்ணிக்கை மறைக்கும் உண்மையையும் அது வெளிக்கொணர்கிறது. புனே கணக்கெடுப்பில் மிக அதிகமாகக் காணப்பட்ட மரம், மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கிளைரிசிடியா. 40 லட்சம் என்ற எண் பசுமையைச் சொல்கிறது. அந்தப் பசுமையில் மண்ணின் மரங்கள் எங்கே நிற்கின்றன என்பதை வரைபடமே சொல்கிறது.

எளிய வழி: நிரலை நகலெடுத்து ஒட்டுதல்

ஒரே ஓர் இடத்தைக் காட்டினால் போதும் என்பவர்களுக்குக் கூகுள் வரைபடத்தின் பகிர்வு வசதி போதுமானது. இடத்தைத் தேடி, பகிர்வுப் பொத்தானை அழுத்தி, வரைபடத்தைப் பதிக்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்தால், ஐஃப்ரேம் எனப்படும் சிறிய நிரல் துண்டு கிடைக்கும். அதை நகலெடுத்து, இணையப் பக்கத்தின் எச்.டி.எம்.எல். பகுதியில் ஒட்டினால் வரைபடம் தோன்றும். அகலத்தை நூறு சதவீதம் என மாற்றினால் கைப்பேசித் திரைக்கும் பொருந்தும். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வரைபடம் இருந்தால், வாசகர் அங்கு வரும்போது மட்டும் அது தரவிறங்கும்படி அமைக்கலாம். இதனால் பக்கம் விரைவாகத் திறக்கும்.

பல இடங்களைக் குறிக்க விரும்புவோருக்குக் கூகுளின் 'மை மேப்ஸ்' சேவை உள்ளது. பெயர், முகவரி அல்லது ஆயங்கள் கொண்ட அட்டவணையைப் பதிவேற்றினால், அவை குறிகளாக மாறும். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் வரை அமைக்கலாம். ஓர் அடுக்கில் 2,000 வரிசைகள் வரை பதிவேற்றலாம். பதிக்கும் முன் வரைபடத்தைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், உருவாக்கியவருக்கு மட்டும் வரைபடம் தெரியும், வாசகருக்குத் தெரியாது.

முழுக் கட்டுப்பாடு: லீஃப்லெட்

நிறம், குறி, விவரப்பெட்டி ஆகிய அனைத்தையும் தம் விருப்பப்படி அமைக்க வேண்டுமெனில் நிரலகம் தேவை. உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்ட லீஃப்லெட் என்ற திறந்த மூல நிரலகம் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. வரைபடத்தின் மையம், பெரிதாக்கும் அளவு, பின்னணி, அதன் மேல் வைக்க வேண்டிய தகவல் என்ற நான்கையும் சொன்னால் வரைபடம் தயாராகிவிடும்.

பின்னணிப் படம் முழுமையாக ஒரே கோப்பாக வருவதில்லை. டைல் எனப்படும் சிறு சதுரங்களாக வெட்டப்பட்டு வருகிறது. தொடக்க அளவில் உலகம் முழுவதும் ஒரே சதுரம். ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் ஒரு சதுரம் நான்காகப் பிரிகிறது. 16-ஆவது நிலையில் சதுரங்களின் எண்ணிக்கை 429 கோடியைத் தாண்டுகிறது. திரைக்குத் தேவையானவை மட்டும் வரவழைக்கப்படுவதால்தான் வரைபடம் கைப்பேசியிலும் விரைவாக இயங்குகிறது.

புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி செய்யும் பிழை ஆயங்களின் வரிசை. லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து வர வேண்டும். ஜியோஜேசான் என்ற தகவல் கோப்பு வடிவத்திலோ தீர்க்கரேகைதான் முதலில் வரும். புனே நகரம் 18.52 பாகை வட அட்சரேகையிலும் 73.86 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. இரண்டும் இடம் மாறினால், புனேயின் மரங்கள் நார்வே நாட்டுக்கு வடக்கே கடலின் நடுவே முளைத்துவிடும்.

லட்சக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் ஏற்றினால் உலாவி திணறி நின்றுவிடும். அருகருகே உள்ள புள்ளிகளை ஒரே வட்டமாகத் தொகுத்து எண்ணிக்கையை மட்டும் காட்டி, பெரிதாக்கும்போது பிரித்துக் காட்டுவது இதற்குத் தீர்வு. மரங்களைப் பொறுத்தவரை, வார்டு வாரியாக நிற அடர்த்தியை முதலில் காட்டி, தெரு அளவுக்குப் பெரிதாக்கிய பிறகே தனி மரங்களைக் காட்டுவது பயன் தரும். வாசகருக்கு முதலில் தேவைப்படுவது தன் பகுதி. அதன் பிறகே தன் தெரு.

தமிழ் வாசகர்களுக்கான தளங்களில் இடப்பெயர்களைத் தமிழில் காட்டவும் வழியுண்டு. கூகுள் சேவையில் மொழியைத் தமிழ் எனக் குறிப்பிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைச் சேர்க்கத் தனிப் புலம் உள்ளது. தன்னார்வலர்கள் எவரும் அதை நிரப்பலாம்.

கட்டணமும் சாவியும்

2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், பொதுமக்களே வரைந்து வளர்க்கும் இலவச வரைபடம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்த இணைய வரைபடம் இதன் அடிப்படையில்தான் உருவானது. இதைப் பயன்படுத்துவோர், பங்களிப்பாளர்களுக்கு உரிய நன்றியறிவிப்பை வரைபடத்தின் ஓரத்தில் காட்டுவது கட்டாயம். அதன் டைல் சேவையகம் நன்கொடையில் இயங்குவதால், பெரும் வாசகர் கூட்டம் கொண்ட தளங்கள் வேறு சேவையை நாட வேண்டும்.

கூகுளின் எளிய பதிவு வசதிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிரல் மூலம் தனிப்பயனாக்கப்படும் வரைபடங்களுக்கு, இலவச வரம்பைக் கடந்தால் கட்டணம் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் இக்கட்டணத்தைக் கூகுள் 70 சதவீதம் வரை குறைத்தது. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ், 2009-இல் இஸ்ரோ தொடங்கிய புவன் ஆகியவை உள்நாட்டு மாற்றுகளாக உள்ளன.

கட்டணச் சேவைகள் தரும் ஏ.பி.ஐ. சாவி, இணையப் பக்கத்தின் நிரலில் எவர் கண்ணிலும் படும். எனவே அந்தச் சாவி குறிப்பிட்ட இணையதளத்தில் மட்டும் செயல்படும்படி கட்டுப்படுத்துவதும், அன்றாடப் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வைப்பதும் அவசியம். தவறினால், வேறு யாரோ பயன்படுத்தியதற்கும் தள உரிமையாளருக்கே ரசீது வரும்.

எல்லைக் கோடு: சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் வரைபடம் வெளியிடுவோர் தவறாமல் கவனிக்க வேண்டியது நாட்டின் எல்லை. 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின்படி, இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்துக்கு ஒவ்வாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது குற்றம். இதற்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வெளிநாடுகளில் தயாராகும் பின்னணி வரைபடங்கள் பலவும் ஜம்மு-காஷ்மீர், லடாக் பகுதிகளை வேறு விதமாகக் காட்டுகின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுவான பின்னணியும் களத்தில் நிலவும் கட்டுப்பாட்டுக் கோட்டையே பின்பற்றுகிறது. கூகுள் நிறுவனம் நாட்டுக்கு ஏற்ப எல்லையை மாற்றிக் காட்டுவதால், நிரலில் வட்டாரத்தை இந்தியா எனக் குறிப்பிடுவது நல்லது. ஒரு நகரத்தை மட்டும் காட்டும் வரைபடத்தில், வாசகர் நாடு முழுவதும் தெரியும் அளவுக்குச் சிறிதாக்க இயலாதபடி வரம்பு வைக்கலாம். நாட்டைக் காட்டியே ஆக வேண்டுமெனில், நில அளவைத் துறையின் எல்லைக் கோட்டை மேலடுக்காகச் சேர்க்க வேண்டும்.

மற்றொரு புறம், வரைபடத் தகவல் சேகரிப்பில் இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி பெருமளவு தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி இன்றி வரைபடத் தகவல்களைத் திரட்டவும் வெளியிடவும் இதன்மூலம் வழி ஏற்பட்டது. எல்லைக் கோடு பற்றிய விதி மட்டும் மாறவில்லை.

வாசகர் நலன்

பிற நிறுவனத்தின் வரைபடத்தைப் பதிக்கும்போது, பக்கத்தைத் திறக்கும் வாசகரின் இணைய முகவரி அந்த நிறுவனத்துக்கும் செல்கிறது. இதைத் தளத்தின் தனியுரிமைக் கொள்கையில் தெரிவிப்பதும், வாசகர் தொட்ட பிறகே வரைபடம் திறக்கும்படி செய்வதும் நேர்மையான வழி. தனிநபர்களின் வீடுகளை அடையாளம் காட்டும் புள்ளிகளை, குறிப்பாக நோய் தொடர்பான தகவல்களை, வார்டு அளவில் தொகுத்தே காட்ட வேண்டும். பார்வைத் திறன் குறைந்தோருக்காக, வரைபடத்தின் சாரத்தை எழுத்து வடிவிலும் தருவது முறை.

இறுதியாக, தகவல் சேகரிக்கப்பட்ட தேதி. கணக்கெடுப்புக்குப் பின் மழையில் சாய்ந்த மரமும், வெட்டப்பட்ட மரமும் வரைபடத்தில் தொடர்ந்து பச்சைப் புள்ளியாகவே நிற்கும். புதிதாக நட்ட கன்று அதில் இருக்காது. தேதி இல்லாத வரைபடம் பழைய உண்மையை இன்றைய உண்மையாகக் காட்டிவிடும்.

வெளியிடும் முன் சரிபார்க்க வேண்டியவை:

* ஆயங்களின் வரிசை சரியாக உள்ளதா?
* வரைபடம் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளதா?
* ஏ.பி.ஐ. சாவிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளதா?
* வரைபடத்துக்கு உரியவரின் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளதா?
* இந்திய எல்லை நில அளவைத் துறையின் வரைபடத்துடன் ஒத்துள்ளதா?
* தகவலின் மூலமும் தேதியும் வரைபடத்தின் அருகிலேயே தெரிகின்றனவா?
* கைப்பேசியில் திறந்து பார்க்கப்பட்டதா?