கூதிர்காலம்

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் காருக்கும் முன்பனிக்கும் இடைப்பட்ட ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள் கூதிர்காலம். குளிர்நாடுகளில் இதே நாள்களில் மரங்கள் இலையுதிர்க்கும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையில் தழைக்கும்.

தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் யாமத்தையும் உரிய பொழுதுகளாக வகுத்தது. மழையிருட்டில் மலைவழியே தலைவன் வருவதும், வழியின் ஏதம் எண்ணித் தலைவி கலங்குவதும் சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இப்பருவத்தை முழுமையாகக் காட்டும் நூல், பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை. 188 அடிகள், பாடியவர் நக்கீரர். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் தேடிய கோவலர் கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்தபடி நடுங்குகின்றனர். பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. வானம் மூடிக்கிடப்பதால் பெண்கள் பிச்சியரும்பு விரிந்து மணப்பதைக் கொண்டே மாலையை அறிந்து விளக்கேற்றுகின்றனர். சந்தனக்கல் சும்மா கிடக்கிறது. மடக்கித் தொங்கவிட்ட விசிறிகளில் சிலந்தி நூல் படர்கிறது. குளிர்நீர்க் குடத்தை எவரும் தொடுவதில்லை. தடவு என்னும் கணப்புச்சட்டியில் நெருப்பு மூட்டிக் காய்கின்றனர். குளிரை இப்படிப் புழங்குபொருள்களின் வழியே சொன்ன நுட்பத்துக்குத் தமிழில் இணை காண்பது அரிது.

அரண்மனையில் அரசி பிரிவால் வாடுகிறாள். பாசறையில் அரசன் உறங்காமல், நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டுவருகிறான். பெயர் சுட்டாத அகப்பாட்டாகவே இது தோன்றும். ஆயினும் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளம் என்பதால் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைப் புறப்பாட்டு என்றார். அவர் உரையுடன் பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தபின் இந்நூல் பலரையும் எட்டியது.

பருவத்தின் பெருவிழா கார்த்திகை விளக்கீடு. நக்கீரரின் அகநானூற்று 141ஆம் பாடலே மூதூரில் விளக்கேற்றிக் கொண்டாடிய இவ்விழாவைப் பேசுகிறது. இன்றும் வீட்டு வாசல்களில் அகல் வரிசை தவறுவதில்லை.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஏரி, கண்மாய் நிறைவதும் காவிரிப் படுகையின் சம்பாப் பயிர் தேறுவதும் இம்மழையைப் பொறுத்தவை. ஆனால் புயலும் இம்மாதங்களில்தான் மிகுதியாக வரும். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் பல உயிர்களைப் பலிகொண்டது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னையை நம்பியிருந்த குடும்பங்கள் புதிய கன்று நட்டு, அது காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.