கோப்புகளைப் படித்த மனிதர்

1919 ஜூன் 2 இரவு. வாஷிங்டனின் ஆர் தெருவில் அட்டர்னி ஜெனரல் மிட்சல் பால்மர் மாடிக்குப் படுக்கச் சென்ற சற்று நேரத்தில் அவர் வீட்டின் முன்பகுதி வெடித்துச் சிதறியது. குண்டை வைக்க வந்தவன் வாசற்படியருகிலேயே உடல் சிதறி மாண்டான். எதிர்வீட்டில் குடியிருந்தவர் அன்று கடற்படைத் துணைச் செயலராக இருந்த ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். அதே இரவில் வேறு பல நகரங்களிலும் குண்டுகள் வெடித்தன. இத்தாலிய அராஜகவாதிகளின் சிறு குழுவொன்றின் வேலை அது என்று பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தக் குண்டுகளுக்காக எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. அவற்றின் பெயரால் சிறைப்பட்டவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

பால்மரைப் பிறவிக் கொடுங்கோலராகச் சித்திரிப்பது எளிது. உண்மை அவ்வளவு வசதியானதன்று. அவர் க்வேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். அந்த நம்பிக்கையை முன்னிட்டே போர்த்துறைச் செயலர் பதவியை மறுத்தவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நாட்களில் குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துச் சட்டம் கொண்டுவர முயன்றவர். தொழிலாளரின் நண்பர் என்றே அறியப்பட்டவர். வெடிப்புக்குப் பிறகு பத்திரிகைகள் நெருக்கின. அக்டோபரில் செனட் சபை, ஏன் இன்னும் நடவடிக்கை இல்லை என்று தீர்மானம் போட்டுக் கேட்டது. 1920 அதிபர் தேர்தலில் தம் கட்சியின் வேட்பாளராகும் ஆசையும் அவருக்கு இருந்தது.

முதலில் முறிந்தது தொழிற்சங்கங்களுடனான உறவு. 1919 நவம்பரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 4 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, உணவையும் எரிபொருளையும் பதுக்குவோரைத் தடுக்கப் போர்க்காலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு பால்மர் நீதிமன்றத் தடை வாங்கினார். போர் முழுவதும் அரசுடன் ஒத்துழைத்த தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் இதை நம்பிக்கைத் துரோகமாகவே பார்த்தார். அமைச்சரவைக்குள்ளும் விரிசல். தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் வில்சன் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, சிறுவனாகச் சுரங்கத்தில் இறங்கி, அதே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். அதிபர் வில்சனோ அக்டோபரில் பக்கவாதத்தால் வீழ்ந்து, மாதக்கணக்கில் அமைச்சர்களின் கண்ணிலேயே படாமல் கிடந்தார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைப் பார்க்காமல் நகர முடியாது. குண்டு வைத்தான் என்று ஒருவனைத் தண்டிக்கச் சாட்சி வேண்டும், ஜூரி வேண்டும். வெளிநாட்டவனை நாடுகடத்த இவை எதுவும் வேண்டாம். நாடுகடத்தல் தண்டனையே அன்று, வெறும் நிர்வாக நடவடிக்கை என்று உச்ச நீதிமன்றம் 1893-லேயே கூறியிருந்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசை வன்முறையால் கவிழ்க்க வேண்டும் என்று போதிக்கும் அமைப்பில் உறுப்பினராக இருந்தாலே போதும். ஒரு மனிதன் என்ன செய்தான் என்பது தேவையில்லை; எந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது என்பதே கேள்வி. பட்டியல் தயாரிக்க 24 வயது ஜே. எட்கர் ஹூவர் கிடைத்தார். நூலகத்தில் வேலை பார்த்த அனுபவத்தோடு, பெயர்களை அட்டை அட்டையாக அடுக்கத் தொடங்கினார்.

டிசம்பர் 21 அன்று எம்மா கோல்ட்மன், அலெக்ஸாண்டர் பெர்க்மன் உள்ளிட்ட 249 பேரை ஏற்றிக்கொண்டு புஃபோர்ட் என்னும் பழைய கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. 1920 ஜனவரி 2 இரவு முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் சோதனைகள். பிடியாணை இருந்தவர்கள், இல்லாதவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அள்ளப்பட்டனர். டெட்ராய்ட்டில் அரசுக் கட்டடமொன்றின் சன்னலற்ற தாழ்வாரத்தில், ஒரே கழிப்பறையோடு, ஏறத்தாழ 800 பேர் நாட்கணக்கில் அடைக்கப்பட்டனர். விசாரணையின் தொடக்கத்திலேயே வழக்கறிஞர் உரிமையைக் கைதிக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி, சோதனைக்கு இரண்டு நாள் முன்பு சத்தமில்லாமல் மாற்றப்பட்டிருந்தது.

ஆனால் கைது செய்வதுதான் பால்மரின் கையில் இருந்தது. நாடுகடத்தும் அதிகாரம் தொழிலாளர் துறைக்கே உரியது. மார்ச்சில் செயலர் வில்சன் விடுப்பில் இருக்க, அவருக்குப் பதிலாகப் பணியாற்றியவரும் தேர்தலில் நிற்க விலக, நாற்காலி லூயிஸ் போஸ்டிடம் வந்தது. வயது எழுபது. ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையைப் பரப்பிய பத்திரிகையாளர். இளமையில் தென்கரோலினாவில் கூ க்ளக்ஸ் க்ளான் வழக்குகளின்போது வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்தவர். வாக்குமூலம் எப்படி இருக்கும், எப்படி இருக்கக் கூடாது என்று அறிந்த கண்.

அவர் செய்ததில் சாகசம் எதுவுமில்லை. கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சோஷலிஸ்ட் கட்சியின் மொழிக் கிளைகள் கூண்டோடு கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாறியபோது, தமக்கே தெரியாமல் பெயர் மாற்றப்பட்ட தொழிலாளர்கள் அங்கே இருந்தனர். வழக்கறிஞர் இன்றிப் பெற்ற வாக்குமூலங்கள் இருந்தன. கட்ட இயலாத ஜாமீன் தொகைகள் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிடியாணைகளை அவர் ரத்து செய்தார். ஜாமீன் தொகைகளைக் குறைத்தார்.

பால்மர் தரப்பு கொதித்தது. போஸ்டைப் பதவிநீக்கம் செய்யத் தீர்மானம் வந்தது. மே 1 அன்று புரட்சி வெடிக்கும் என்று பால்மர் எச்சரித்திருந்தார். நியூயார்க்கில் காவல்படை முழுதும் விழித்திருக்க, அந்த நாள் சாதாரணமாகக் கழிந்தது. ஒரு வாரத்தில் போஸ்ட் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து வழக்கு வழக்காக விளக்கினார். தீர்மானம் அப்படியே கைவிடப்பட்டது. அதே மாதம் ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர், ராஸ்கோ பௌண்ட் உள்ளிட்ட 12 சட்ட வல்லுநர்கள் நீதித்துறை அமைச்சகத்தின் சட்டமீறல்களைப் பட்டியலிட்டு அறிக்கை வெளியிட்டனர். ஜூனில் பாஸ்டன் நீதிபதி ஜார்ஜ் ஆண்டர்சனும் கடுமையாகவே தீர்ப்பெழுதினார். சான் ஃப்ரான்சிஸ்கோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பால்மர் தோற்றார். 44 சுற்று வாக்கெடுப்புக்குப் பின் வேட்பாளரானவர் ஜேம்ஸ் காக்ஸ். துணை அதிபர் வேட்பாளர், அந்த எதிர்வீட்டுக்காரர்.

போஸ்டை வியக்கும்போதெல்லாம் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. எம்மா கோல்ட்மனை நாடுகடத்தும் ஆணையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். கோல்ட்மன் அராஜகவாதி என்பதில் ஐயமில்லை. சட்டம் அவ்வளவுதான் கேட்டது. சட்டம் பிழையாகப் பிரயோகிக்கப்பட்ட இடங்களில் போஸ்டால் தடுக்க முடிந்தது. சரியாகப் பிரயோகிக்கப்பட்ட இடத்தில் அவர் பேனா தயங்கவில்லை, அல்லது தயங்கியது கோப்பில் இல்லை. 1923-இல் அவர் இந்த நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1928-இல் மறைந்தார். அட்டைகளை அடுக்கிய இளைஞர் 1924-இல் புலனாய்வுத் துறையின் தலைவரானார். 1972-இல் சாகும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தார்.