அழித்தெழுதும் கார்ட்ரிட்ஜின் வரலாறு

ஜப்பானில் லாசன் என்ற பெயர் தாங்கிய கடைகள், இரவென்றும் பகலென்றும் பாராமல் திறந்திருந்து, சோற்றுருண்டையும் பாலும் பத்திரிகையும் விற்பவை. அக்கடைகளில் 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியிலிருந்து, வீட்டிலிருந்து ஒரு வீடியோ கேம் கார்ட்ரிட்ஜைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மூலையில் நின்ற லொப்பி என்னும் இயந்திரத்தில் வேண்டிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டி, பழைய ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதியதை அதே கார்ட்ரிட்ஜில் எழுதி வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் ஒன்று தோன்றிற்று. முதலில் சூப்பர் ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுச் சாதனத்துக்கும், 2000-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கும் இந்த வசதி கிடைத்தது. நடத்தியது வேறு யாருமல்ல, அவ்விரு கருவிகளையும் உற்பத்தி செய்த நின்டெண்டோ ஸ்தாபனமேதான். அதே ஸ்தாபனம், சுமார் பத்தாண்டுகள் கழித்து, தன் கருவிகளில் அழித்தெழுதும் கார்ட்ரிட்ஜ்களைப் பிறர் விற்பது குற்றமென்று தேசம் தேசமாக நியாயஸ்தலங்களின் படியேறி வாதாடிற்று. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து மனத்தில் இருத்திக்கொண்டாலொழிய, இந்தச் சிறு பொருளின் சரித்திரம் செம்மையாக விளங்காது என்பது என் எண்ணம்.

கையில் ஏந்தி ஆடும் கருவிக்குக் கார்ட்ரிட்ஜை மாற்றிப் போடும் ஏற்பாடு, 1979-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி கம்பெனி வெளியிட்ட மைக்ரோவிஷனோடு வந்தது. அதில் கணிக்கும் சில்லே கார்ட்ரிட்ஜுக்குள்தான் இருந்தது. கருவியோ திரையும் பொத்தான்களும் கொண்ட வெறும் கூடு. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1989 ஏப்ரல் 21 அன்று, குன்பே யோகோயின் தலைமையில் இயங்கிய பிரிவு உருவாக்கிய கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. சில்லு கருவிக்குள் குடியேறிவிட்டது. கார்ட்ரிட்ஜில் இருந்தது ஆட்டத்தின் எழுத்து மாத்திரமே. அந்த எழுத்து மாஸ்க் ரோம் எனப்படும் சில்லில், அது தொழிற்சாலையில் உருவாகும் வேளையிலேயே, சிலிக்கான் தகட்டின் அமைப்பாகவே பதிக்கப்பட்டுவிடும். பதித்தபின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற இயலாது. கல்வெட்டைப் போல நிலைபெற்றது அது, கல்வெட்டைப் போலவே திருத்தத்துக்கு இடம் கொடாதது.

இந்த நிலைபேற்றுக்கு ஒரு விலை இருந்தது. ஓர் ஆட்டம் எத்தனை பிரதிகள் விற்கும் என்பதை, அது கடைக்கு வருமுன்னரே வெளியீட்டாளர் அநுமானித்து, அத்தனை சில்லுகளுக்கும் முன்கூட்டியே பணம் கட்டித் தருவிக்கவேண்டும். அநுமானம் மிகையானால் கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தங்கும். குறைவானால், அடுத்த தொகுதி வருவதற்குள் ஜனங்களின் ஆர்வம் தணிந்துவிடும். இந்தக் கஷ்டத்துக்கு நின்டெண்டோ கண்ட முதல் பரிகாரம், ஃபாமிகாம் என்ற தன் வீட்டு விளையாட்டுச் சாதனத்துக்காக 1986 பிப்ரவரியில் வெளியிட்ட ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம். காந்தத் தட்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று 500 யென் கொடுத்தால், கடையிலுள்ள இயந்திரம் புதிய ஆட்டத்தை அதில் எழுதித் தந்துவிடும். குழந்தைகளின் கைச்செலவுக் காசுக்குள் அடங்கிய தொகை அது. தட்டோ தூசிக்கும் காந்தத்துக்கும் எளிதில் இரையாகும் பண்டம். கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு சில ஆண்டுகளிலேயே அதை மிஞ்சிவிட்டது. எனினும், ஆட்டம் என்பது பெட்டியோடு பிணைந்த பொருளல்ல, கடைக்காரரிடம் போய் மாற்றி எழுதிக்கொள்ளத்தக்க எழுத்து என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையின் மனத்தில் விதைத்தது அந்தத் தட்டுதான்.

விதை முளைப்பதற்கு வேண்டிய நிலத்தைத் தயாரித்தவர் தோஷிபா கம்பெனியில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. மின்சாரம் நின்றபின்னும் எழுதியதை மறவாமலும், வேண்டும்போது மின்சாரத்தாலேயே மொத்தமாக அழிக்கத்தக்கதாகவும் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தைப் பற்றி அவர் 1984-இல் விஞ்ஞானிகள் சபையில் பிரஸ்தாபித்தார். நான்ட் என்னும் அதன் மலிவான வகை 1987-இல் வெளிப்பட்டது. இன்று உலகத்தின் புகைப்படங்களும் கடிதங்களும் சங்கீதமும் பெரும்பகுதி உறைகின்ற அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய ஊதியம் தமக்குக் கிடைக்கவில்லையென்று அவர் 2004-இல் தம் பழைய கம்பெனியின்மீதே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2006-இல் 8 கோடியே 70 லட்சம் யென் பெற்றுச் சமாதானமானார். அந்தச் சில்லு எங்கும் பரவிய அளவை நினைக்கையில், அத்தொகை எனக்கு மிகச் சிறியதாகவே படுகிறது.

லாசன் கடையில் எழுதிக் கொடுத்த கேம் பாய் கார்ட்ரிட்ஜில் இருந்ததும் இந்த ஃபிளாஷ் நினைவகம்தான், ஒரு மெகாபைட் அளவு. டெட்ரிஸ் என்ற ஆட்டம் முழுவதும் 32 கிலோபைட்டில் அடங்கிவிடும். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் ஆட்டங்கள் 512 கிலோபைட். ஆகவே சிறிய ஆட்டங்களாகப் பொறுக்கினால் ஏழு வரையில் ஒரே கார்ட்ரிட்ஜில் ஏற்றி, திரையில் தோன்றும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து ஆடலாம். விளக்கக் கையேட்டையும் அச்சிட்டே கொடுத்தார்கள். கடைகளில் இந்த ஊழியம் 2002 ஆகஸ்டில் நின்றது. அதன்பின் நின்டெண்டோவுக்கே கார்ட்ரிட்ஜை அனுப்பி எழுதிப் பெறும் முறை 2007 பிப்ரவரி இறுதிவரை நீடித்தது. அற்பமானதென்று இதைக் கருதலாகாது. தொழிற்சாலைக்கு இலாபமில்லாத பழைய ஆட்டங்களும், சில்லில் பதிப்பிக்கும் செலவைத் தாங்காத புதிய ஆட்டங்களும் இவ்வழியாகவே ஆடுவோர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 2000-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியான மெட்டல் ஸ்லேடர் குளோரியின் மறுபதிப்பு, சூப்பர் ஃபாமிகாமுக்கு முறைப்படி வெளிவந்த கடைசி ஆட்டம். அது இந்த அழித்தெழுதும் கார்ட்ரிட்ஜில்தான் வெளிவந்தது.

அநுமதியின்றிச் செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜ்கள் இதற்கு இணையாகவே வேறொரு பாதையில் வளர்ந்தன. ஹாங்காங்கில் பங் என்ற பெயருடைய கம்பெனி, தொண்ணூறுகளிலேயே, கணிப்பொறியோடு கம்பியால் இணைத்துக் கேம் பாய் ஆட்டங்களைப் பிரதியெடுக்கவும் திரும்ப எழுதவும் வல்ல சாதனங்களை விற்றது. கேம் பாயின் பாதுகாப்போ மிக எளிமையானது. மின்சாரம் பாய்ந்தவுடன் கருவி கார்ட்ரிட்ஜின் தலைப்பகுதியிலுள்ள 48 பைட்டுகளைப் படித்து, அவை நின்டெண்டோவின் பெயர்ச் சின்னத்தோடு அச்சொட்டாக ஒத்திருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்கும். ஒவ்வாவிட்டால் அப்படியே நின்றுவிடும். அநுமதியில்லாதவன் அந்தச் சின்னத்தைப் பிரதி செய்தே தீரவேண்டியிருப்பதால், வர்த்தகக் குறியைத் திருடினான் என்று அவன்மீது வழக்காடலாம் என்பது உட்கருத்து. பூட்டு இரும்பாலானதல்ல, சட்டத்தாலானது. 1992-இல் சேகா, அக்கோலேடு என்ற இரு வீடியோ கேம் கம்பெனிகளுக்கு இடையே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் இதையொத்த ஓர் ஏற்பாடு செல்லுபடியாகவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

கருவியை ஏய்ப்பதற்கு வேண்டிய நுட்பம் பூட்டைத் திறப்பதில் மட்டும் முடிந்துவிடவில்லை. கருவி ஒரு முகவரியைச் சொல்லிக் கேட்ட கணத்திலேயே அந்த முகவரியிலுள்ள எழுத்தைக் கார்ட்ரிட்ஜ் நீட்டவேண்டும். கருவிக்குக் காத்திருக்கத் தெரியாது. பழைய நோர் வகை ஃபிளாஷ் இதற்கு ஈடுகொடுக்கும், ஆனால் விலை அதிகம். 2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தபின் எழுந்த சூப்பர்கார்டு முதலியவை மலிவான மெமரி கார்டுகளை ஏற்றுக்கொண்டன. அந்தக் கார்டு கட்டங்கட்டமாகத்தான் எழுத்தைக் கொடுக்கும் சுபாவமுடையதாகையால், ஆட்டம் முழுவதையும் முதலில் வேகமான வேறொரு நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து கருவிக்குப் பரிமாறின. ஆட்டத்தின் நடுவே நாம் சேமித்த நிலையும் முதலில் சிறு பேட்டரியால் காக்கப்படும் நினைவகத்தில் தங்கி, பிறகே கார்டுக்குப் போகும். சில கார்ட்ரிட்ஜ்களில் பொத்தான்கள் சிலவற்றைச் சேர்ந்தாற்போல் அழுத்தினாலொழிய அது போகாது. வேறு சிலவற்றில் மறுமுறை கருவியை இயக்கும்போதுதான் போகும். பேட்டரி அதற்குள் தீர்ந்துவிட்டால், பல நாள் உழைப்பு காற்றோடு கரைந்துவிடும்.

2004-இன் இறுதியில் வந்த நின்டெண்டோ டிஎஸ் கருவியில், தனக்கென ஒரு வாயும் பழைய அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களுக்கென ஒரு வாயும் இருந்தன. புதிய வாயில் நடக்கும் சம்பாஷணை மறைமொழியில் அமைந்தது. அந்த மறைமொழியை உடைக்க இயலாத தொடக்க காலத்தில் ஆர்வலர்கள் கண்ட யுக்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. விலை கொடுத்து வாங்கிய மெய்யான ஆட்டம் ஒன்றைக் கருவிக்கும் அதற்கும் நடுவே பாஸ்மீ என்ற சிறு பலகையை வைத்துச் செருகினார்கள். மறைமொழிப் பரீட்சைகள் அனைத்துக்கும் மெய்யான கார்ட்ரிட்ஜே பதில் சொல்லித் தேறிவிடும். தலைப்பகுதி கடந்துசெல்லும்போது மட்டும் பலகை தலையிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்ற ஒரே செய்தியை மாற்றி, பழைய வாயிலிருக்கும் தங்கள் நிரலுக்குக் கருவியைத் திருப்பிவிடும். பின்னர் மறைமொழியே வெளிப்பட்டுவிட்டது. அதன் பயனாக 2007-இன் தொடக்கத்தில் ஆர்4 என்ற கார்ட்ரிட்ஜ் சந்தைக்கு வந்து, மெய்யான டிஎஸ் கார்ட்ரிட்ஜின் அளவிலேயே, நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றைச் செருகும் பிளவோடு, உலகமெங்கும் பரவிற்று. அது ஏற்றது 2 ஜிபி வரையில்தான். அதற்குள்ளேயே பல பத்து ஆட்டங்கள் அடங்கின. அசல் ஆர்4-ஐச் செய்தவர்கள் விரைவில் மறைந்துபோக, அப்பெயரைச் சூட்டிக்கொண்ட போலிகள் பெருகின. ஒரு தேதிக்குமேல் இயங்காதவாறு உள்ளேயே தடை வைத்து விற்கப்பட்டவையும் அவற்றில் உண்டு.

2008 ஜூலையில் நின்டெண்டோவும் 54 மென்பொருள் கம்பெனிகளும் கூடி, இத்தகைய கார்ட்ரிட்ஜ்களை விற்றவர்கள்மீது டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன; 2009 பிப்ரவரியில் விற்பனைக்குத் தடை பிறந்தது. பாரிஸில் நடந்த வழக்கில் விற்றவர்கள் 2009-இல் வென்றார்கள், 2011-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். லண்டன் உயர் நீதிமன்றம் 2010 ஜூலையில், சட்டத்துக்குட்பட்ட காரியங்களுக்கும் இது பயன்படக்கூடும் என்பது தற்காப்பாகாதென்று தீர்த்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2014 ஜனவரியில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வழக்கில், காப்பு ஏற்பாடு அதன் நோக்கத்துக்கு மிஞ்சாமல் இருக்கிறதா, அந்தச் சாதனத்தை ஜனங்கள் மெய்யாகவே எதற்குப் பிரயோகிக்கிறார்கள் என்பவற்றை உள்நாட்டு நீதிமன்றம் ஆராயவேண்டும் என்றது. இந்தத் தீர்ப்புகளுள் விவேகம் மிகுந்தது இக்கடைசியானதுதான்.

ஆர்4-ஐ வாங்கியவர்களில் மிகப் பலர் காசு கொடாமல் ஆடுவதற்காகவே வாங்கினார்கள் என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஓர் ஆட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த சிற்பிக்கும் சங்கீதக்காரருக்கும் அது இழைத்த அநீதியை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அதே சாதனம் வேறு கைகளில் என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். ஹாம்பர்கில் கலைப் பள்ளி மாணவராயிருந்த ஆலிவர் விட்சோ 1998-இல் நானோலூப் என்ற நிரலையும், சுவீடனின் யோஹன் கோட்லின்ஸ்கி 2000-இல் லிட்டில் சவுண்ட் டிஜே என்ற நிரலையும் இயற்றினார்கள். கேம் பாயின் நான்கு ஒலி வழிகளை, அதாவது இரண்டு துடிப்பு, ஓர் அலை, ஓர் இரைச்சல், வாத்தியமாக மாற்றி, கடுகளவு ஞானமுள்ளவனையும் இசையமைக்கச் செய்த நிரல்கள் அவை. எழுதத்தக்க கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டால் அவை கருவிக்குள் நுழைந்தே இரா. கேம் பாயைக் கையில் பிடித்து மேடையேறிக் கச்சேரி செய்யும் ஒரு புதிய சம்பிரதாயமும் பிறந்திராது. இன்னோர் உதாரணம்: 2006-இல் ஜப்பானிய பாஷையில் மட்டும் வெளிவந்த மதர் 3 என்ற அரிய கதை ஆட்டத்தை, ரசிகர்கள் கூலியின்றி உழைத்து ஆங்கிலத்தில் பெயர்த்து 2008 அக்டோபரில் வெளியிட்டார்கள். ஆட்டத்தை அவர்கள் விநியோகிக்கவில்லை. மாற்றங்களை மட்டுமே கொடுத்தார்கள். அதை மெய்யான கருவியில் ஆட விரும்பியவனுக்கு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்தான் துணை.

இப்போது கேம் பாய்க்கென்று மாஸ்க் ரோம் வார்ப்பார் யாருமில்லை. ஜிபி ஸ்டூடியோ போன்ற இலவச நிரல்களைக் கொண்டு இளைஞர்கள் புதிதாக இயற்றும் ஆட்டங்கள், சிறு சிறு தொகுதிகளாக, ஃபிளாஷ் சில்லில் எழுதப்பட்டே பெட்டிகளில் விற்கப்படுகின்றன. பழைய ஆட்டங்களின் கதி அவ்வளவு நல்லதல்ல. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் அப்போது புதிதாக விற்பனையில் இல்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் விற்பனை நிறுத்தப்பட்டது. பொருளை விற்க மனமில்லாதவர்கள் அதை நூலகம் வைத்திருந்து இரவல் கொடுப்பதையும் தடுப்பது தகாதென்று நான் உறுதியாக நம்புகிறேன். நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்தே ஆடிப் பார்க்கக் கொடுக்க அநுமதி கேட்டு விண்ணப்பித்தபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அதை மறுத்துவிட்டது. புத்தகத்தையும் திரைப்படத்தையும் ஆராய்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தே கிட்டும் வசதி, ஆட்டத்தை ஆராய்கிறவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்கள் இன்னமும் அந்நூலகம் இருக்கும் ஊருக்கே பயணம் போகவேண்டியிருக்கிறது.